கோட்டுக்கு வலப்பக்கம்

அத்தியாயம் 14

போன திங்கட்கிழமை தோப்ரிலா நீஷ் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, தன் கணவருக்குக் குணமாகிவிட்டது, டாக்டரைப் பார்க்க வேண்டிய அவசியமில்லை என்று சொன்னாள். மறுமுனையில் இருந்த பெண் சந்தோஷம் என்றாள். தோப்ரிலாவும் சந்தோஷம் என்றாள்.

குணமெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. ரொட்டி வாங்கப் போன கணவர் ஓப்ரென், பேருந்து நிலையத்து பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். எந்த ஊருக்குப் போக என்று கேட்டவரிடம் யோசித்துச் சொல்கிறேன் என்றாராம். மகள் சென்காவை, செத்துப்போன தன் அக்காவின் பெயரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டார். சென்கா மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. மூன்று வாரம் இவரிடமும் அவரிடமும் கெஞ்சி, மூளை டாக்டரிடம் இந்த வெள்ளிக்கிழமைக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள்.

அந்த இடத்தைத்தான் தோப்ரிலா போனில் விட்டுக்கொடுத்தாள். மகளிடம் சொல்லவில்லை.

அவளுக்கென்று ஒரு கணக்கு இருந்தது. கல்லறைக் கல்லில் முகம் செதுக்குகிற மனுஷனுக்குப் புத்தி எங்கே இருக்கும்? விரல் நுனியில். அந்த விரல் செதுக்குகிற மோட்டாரில் மாட்டும் பிட்களில் சரியானதை எடுக்கிற வரைக்கும் ஆள் சரியாகத்தான் இருக்கிறார். ரொட்டிக் கடைக்கு வழி மறந்தால் மறக்கட்டும், வழி சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது.

அதனால் கொஞ்ச நாளாகவே தினமும் காலையில் ஒரு பரீட்சை. பரீட்சை என்று எழுதுகிறவருக்குத் தெரியாது.

வியாழக்கிழமை காலையிலும் அப்படியே. காபி குடித்து முடித்ததும் தோப்ரிலா தகர டப்பாவிலிருந்த பிட்களையெல்லாம் ஒரு துணியில் கொட்டிக் கலந்துவிட்டாள். மேஜையில் நாலு பொருளை வைத்தாள். சவப்பெட்டியோடு போகிற லிண்டன் மரச் சிலுவை ஒன்று. பல் டாக்டர் வாசலுக்கு ஒரு பித்தளைத் தகடு. கல்லறை விளக்குக்கு ஒரு கண்ணாடிக் கதவு. நாலாவதாக உடைந்த கறுப்புக் கல்லில் ஒரு துண்டு.

"டப்பா கீழ விழுந்துடுச்சு மனுஷா. எது எதுக்குன்னு பிரிச்சுக் குடேன், எனக்குக் கண்ணு தெரியல."

"தினம் விழுது உன் டப்பா" என்றார் ஓப்ரென். "உனக்குக் கையில வாதமா என்னன்னு பொண்ணுகிட்ட கேட்டு மாத்திரை வாங்கு."

சொல்லிக்கொண்டே மரத்தைத் தடவினார். அகலமாகப் பல் வைத்த எஃகு பிட்டை எடுத்து அதன் மேல் வைத்தார். பித்தளைக்கு எஃகைவிடக் கெட்டியான கார்பைடு பிட். தோப்ரிலா வேண்டுமென்றே பக்கத்தில் ஒரு வைர பிட்டைத் தள்ளி, இது ஆகாதா என்று கேட்டாள். பித்தளையின் பிசிறு வைரப் பொடிக்கு இடையில் அப்பிக்கொள்ளும், அப்புறம் அது வெட்டாது, தேய்க்கும் என்றார். முப்பது வருஷமாகத் தெரிந்த விஷயத்தைக் கேட்கிறாயே என்று ஒரு பார்வை வேறு. கண்ணாடிக்கு மிளகைவிடச் சின்னத் தலையுள்ள வைர உருண்டை. கூடவே தண்ணீர்க் கிண்ணத்தையும் நகர்த்தி வைத்தார், அவள் கேட்காமலே. கல்லுக்கு வரும்போது யோசிக்கவே இல்லை. எழுத்துக்குக் கூம்பு, முகத்துக்கு ஊசி, இரண்டும் வைரம்.

நாலுக்கு நாலு. தோப்ரிலா பிட்களைக் குழி குழியாக டப்பாவில் அடுக்கி வைத்தாள்.

அன்றைக்கு முடிக்க வேண்டியது ராடிசாவின் கல். ராடிசாவ் இறந்து சனிக்கிழமையோடு ஒரு வருஷம். வருஷத் திதிக்குப் பாதிரியார் வருகிறபோது கல் நின்றாக வேண்டும். ஆளுயரக் கறுப்புக் கல். இடப்பக்கம் ராடிசாவின் முகம், வலப்பக்கம் அவர் மனைவி மிலுன்காவின் முகம். மிலுன்காவுக்கு எழுபத்தொன்று; ஓப்ரெனும் தோப்ரிலாவும் அவளைச் சித்தி என்று கூப்பிடுவார்கள். உயிரோடு, நல்ல தெம்போடு இருக்கிறாள். நம் பக்கத்தில் புருஷனுக்குக் கல் வைக்கும்போதே மனைவியையும் செதுக்கிவிடுவது வழக்கம். பெயர், பிறந்த வருஷம், ஒரு கோடு. கோட்டுக்கு வலப்பக்கம் காலியாக இருக்கும். நேரம் வரும்போது யாராவது வந்து நிரப்புவார்கள்.

கல் கொடுத்த அன்றைக்கே மிலுன்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். "கோட்டோட நிறுத்திடு ஓப்ரென். சிக்கனம்னு சொல்லி '20'ன்னு பாதி போட்டு வைக்காதே. என் மாமியாருக்கு அப்படித்தான் '19'ன்னு போட்டு வெச்சாங்க. அந்தக் கல்லைப் பொய்யாக்கணும்னே அவ ரெண்டாயிரத்து நாலு வரைக்கும் இருந்தா."

அன்றைக்கு ஓப்ரென் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

முகங்கள் இரண்டும் போன வாரமே முடிந்துவிட்டன. மெருகிட்ட கறுப்பில் ஊசி பட்ட இடமெல்லாம் வெளுத்து, புள்ளி புள்ளியாகச் சேர்ந்து, ராடிசாவ் தன் கோணல் சிரிப்போடு வந்து நின்றார். பாக்கி எழுத்துதான். எழுத்தை வெள்ளைப் பென்சிலால் கல்லில் வரைவது எப்போதும் தோப்ரிலா; அவள் வரைந்ததன் மேல் வெட்டுவது ஓப்ரென். ராடிசாவ், 1941, கோடு, 2017. மிலுன்கா, 1947, கோடு. அளவுகோல் வைத்து வரைந்து கொடுத்துவிட்டு அவள் மதியச் சமையலுக்குப் போனாள்.

பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தபோது சென்கா வந்தாள். மருந்துக் கடைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

நாளைக்கு என்னென்ன காகிதம் கொண்டுவர வேண்டும் என்று கேட்க ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாளாம். அப்படி ஒரு பெயரே பட்டியலில் இல்லை, வீட்டிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டு வேண்டாம் என்றுவிட்டார் என்றார்களாம். இதை அவள் கத்தாமல் சொன்னாள். கத்தியிருந்தால் தோப்ரிலாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏன்மா?"

சனிக்கிழமைக்குள் கல்லை முடிக்க வேண்டும் என்று தோப்ரிலா ஆரம்பித்தாள். அந்த டாக்டர்கள் ஒரு பெயரை வைத்துவிட்டால் பிறகு ஊர் முழுக்க அந்தப் பெயரால்தான் கூப்பிடும், செத்தவர் முகத்தைக் கொண்டுவந்து யார் கொடுப்பார்கள் என்றாள். கடைசியில் காலைப் பரீட்சையையும் சொன்னாள். பல நாளாக, ஒரு நாளும் தவறவில்லை, நாலுக்கு நாலு.

சென்கா நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளில் வைத்துக்கொண்டாள். "அம்மா, பல்லு விளக்கறதைக்கூட அவர் மறக்க மாட்டார். கடைசி வரைக்கும் மறக்காம இருக்கலாம். கை பழகினது கடைசியாத்தான் போகும். நீ போகாததை மட்டும் எடுத்து வெச்சுப் பரீட்சை நடத்தியிருக்கே."

"உனக்கு என்ன தெரியும்? நீ மாத்திரை எண்றவ."

"சரி."

"கேளு" என்றாள் தோப்ரிலா. பட்டறைப் பக்கம் கையைக் காட்டினாள். "கேளுடி அந்தச் சத்தத்தை."

முற்றத்துக்கு அப்பாலிருந்து மோட்டார் சத்தம் வந்தது. கல்லில் கார்பைடு வைத்தால் கீச்சென்று கத்தும், அரை நிமிஷத்தில் மழுங்கும். அதிக வேகத்தில் வைரத்தை வைத்தால் விசில் மாதிரி வரும். இது அப்படியில்லை. தண்ணீர் சொட்டும் கல்லில் கூம்பு வைரம் நிதானமாக இறங்குகிற சத்தம், தொண்டையைச் செருமுவது போல. நிற்கிறது, வளைகிறது, மறுபடி இறங்குகிறது.

"சரியான பிட், சரியான வேகம், சரியான அழுத்தம்" என்றாள் தோப்ரிலா. "புத்தி போன மனுஷனுக்கு இந்தச் சத்தம் வருமா? சொல்லு."

இருவரும் அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். பீன்ஸ் பொங்கி அடுப்பில் வழிந்தது. சென்காதான் எழுந்து அணைத்தாள்.

சாப்பிடக் கூப்பிடப் போனவளும் சென்காதான். போனவள் திரும்பி வரவில்லை. தோப்ரிலா கரண்டியோடு பட்டறை வாசலுக்கு வந்தாள்.

ஓப்ரென் ஈரத் துணியால் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். மிலுன்காவின் முகத்துக்குக் கீழே, 1947, கோடு. கோட்டுக்கு வலப்பக்கம், 2018.

பென்சில் கோடு இல்லாமல், வெறும் கண்ணளவில் வெட்டியிருந்தார். நாலு எண்ணும் ஒரே உயரம், ஒரே ஆழம். எட்டின் இடுப்பு அவர் அப்பா வெட்டுகிற மாதிரி ஒல்லியாக இருந்தது. விளிம்பில் ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு அழகான எண்ணை அவர் வெட்டித் தோப்ரிலா பார்த்ததில்லை.

"நீ வருஷம் போட மறந்துட்டே" என்றார் அவளிடம். "நான் போட்டுட்டேன்."

கரண்டியிலிருந்து பீன்ஸ் சூப் சொட்டியது.

மெருகிட்ட கல்லில் வெட்டினதை அழிக்க வழி கிடையாது. பிசின் வைத்து அடைத்தால் வெயில் படும்போது தழும்பு மாதிரி தெரியும். முழு முகப்பையும் சாணை பிடித்து இறக்க வேண்டும். அப்படி இறக்கினால் எண்ணோடு சேர்ந்து முகமும் போய்விடும், ராடிசாவும் மிலுன்காவும் இருவரும். பெரிய சாணை இருக்கிற பட்டறைக்குப் போய்வரவே ஒரு நாள். இன்றைக்கு வியாழன். இதெல்லாம் தோப்ரிலாவின் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தபோதே வாசல் கதவு திறந்தது.

நாலு மணிக்கு வருவதாகச் சொன்ன மிலுன்கா இரண்டுக்கே வந்துவிட்டாள். திதியில் படைக்கிற கோதுமையை ஊறப்போட வேண்டும், அதற்கு முன்னால் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று முற்றத்திலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தாள். சென்கா ஓடிப்போய், உள்ளே ஒரே தூசி, சாயங்காலம் வாருங்கள் பாட்டி என்று கையைப் பிடித்தாள். என் முகத்தைப் பார்க்க எனக்குத் தூசியா என்று கேட்டு மிலுன்கா அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

முதலில் புருஷன் முகத்தைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு தன் முகத்தைப் பார்த்தாள், மூக்கைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டிருக்கலாம் என்றாள். பிறகு கீழே பார்த்தாள்.

மிலுன்கா குனிந்து எட்டின் மேல் விரலை வைத்தாள். கல் இன்னும் ஈரமாக இருந்தது.

ஓப்ரென் அலமாரியிலிருந்து பிளம் பழச் சாராயமான ராக்கியா புட்டியையும் இரண்டு சின்னக் கிளாஸையும் எடுத்துக்கொண்டு வந்தார். தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, சாவு வீட்டில் பேசுகிற குரலில் பேசினார்.

"கடவுள் அவங்க ஆத்மாவை மன்னிக்கட்டும். நீங்க மிலுன்கா சித்தியோட தங்கச்சிதானே? அதே மூக்கு."

தோப்ரிலா வாயைத் திறந்தாள். மிலுன்கா கையை லேசாக உயர்த்தி அவளை நிறுத்தினாள்.

"ஆமாப்பா. தங்கச்சி."

"நல்ல மனுஷி."

"வாய் ஜாஸ்தி அவளுக்கு."

"ஜாஸ்திதான்" என்று ஒப்புக்கொண்டார் ஓப்ரென். "ஆனா என் அப்பா போன அன்னிக்கு முதல்ல வந்து எங்க அடுப்பைப் பத்த வெச்சது அவங்கதான். எங்களுக்குப் பசிக்குதுன்னு எங்களுக்கே தெரியல. அவங்களுக்குத் தெரிஞ்சுது."

மிலுன்கா கிளாஸை வாங்கிக்கொண்டாள். இறந்தவர்களுக்காகக் குடிக்கும்போது கிளாஸை முட்டக்கூடாது. ஓப்ரென் ஒரு சொட்டைத் தரையில் விட்டார். மிலுன்காவும் தன் கிளாஸைச் சாய்த்து, தன் ஆத்மாவுக்காகத் தானே ஒரு சொட்டு விட்டாள். மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்தாள்.

வாசல் வரை தோப்ரிலா கூடவே போனாள். வேறு கல், நானே வரைந்து, எப்படியாவது, என்று என்னவோ உளறினாள்.

"விடு மருமகளே. டிசம்பர் முப்பத்தொண்ணு வரைக்கும் டைம் குடுத்திருக்கான். அதுக்குள்ள நான் போயிட்டா உனக்கு வேலை மிச்சம். போகலேன்னா ஜனவரியில பார்த்துக்கலாம்."

"சனிக்கிழமை ஊரே நிக்குமே சித்தி."

"மாலை பெருசா வாங்கிக்கறேன். எண்ணு மேல சாத்தி வெச்சுடு." பிறகு குரலை இறக்கினாள். "வியன்னாலேருந்து பையன் வரான். அவன் கண்ணுல மட்டும் பட வேண்டாம். அவனுக்கு என்னை மாதிரி வயித்துல சிரிப்பு கிடையாது. போலீஸ் வரைக்கும் போவான்."

கதவைத் தாண்டியதும், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, மிலுன்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று தடவை சிலுவை போட்டுக்கொண்டாள். தோப்ரிலா அதைப் பார்த்துவிட்டாள்.

உள்ளே வந்ததும் நேராகப் போனை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் அதே பெண் குரல். தோப்ரிலா தான் சொன்னது பொய் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டாள். குணமாகவில்லை, எந்த வேளையானாலும் சரி, வாசலில் எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கிறோம் என்றாள். அந்தப் பெண் நல்லவள்தான். தாள்களைப் புரட்டுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

"அக்டோபர் பதினேழு" என்றாள்.

ஜூன் மாதம் இன்னும் பாதிகூட முடியவில்லை.

கோபப்படச் சென்காவுக்கு உரிமை இருந்தது. அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு இருவரும் பட்டறைக்குப் போய் டப்பாவைத் திறந்தார்கள். வைரங்கள் எல்லாவற்றையும், கூம்பு, ஊசி, உருண்டை, ஒன்று விடாமல் சென்காவின் கைப்பைக்குள் போட்டார்கள். கார்பைடையும் போட்டார்கள். மரத்துக்கான எஃகு பிட்களை மட்டும் விட்டுவைத்தார்கள். கல்லில் வைத்தால் அது ஒரு கீறல்கூடப் போடாது, தானே தேய்ந்துபோகும். மேஜை மேல் லிண்டன் சிலுவையை வைத்தாள் தோப்ரிலா. திராட்சைக் கொடி போடச் சொல்லலாம், பூப் போடச் சொல்லலாம். மரத்தில் என்ன தப்பு செய்தாலும் அடுப்பில் போட்டுவிடலாம்.

சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் கத்தியை உயரத்தில் எடுத்து வைப்பது மாதிரி இருந்தது அவளுக்கு. அந்த ஆள்தான் அவளுக்குப் பத்தொன்பது வயதில் வைரத்தைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்.

வெயில் சாய்கிற நேரத்தில் தூங்கி எழுந்து வந்தார் ஓப்ரென். முகம் தெளிவாக இருந்தது. அடுத்து என்ன வேலை என்று கேட்டார். தோப்ரிலா சிலுவையைக் காட்டினாள்.

உட்கார்ந்து மரத்தைத் தடவினார். டப்பாவைத் திறந்து எஃகு பிட்டை எடுத்தார். சரியாகத்தான் எடுத்தார். மாட்டப் போனவர் நிறுத்திவிட்டு, டப்பாவில் காலியாக இருந்த குழிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

"வைரமெல்லாம் எங்கே?"

"கூர் போயிடுச்சு. மாத்தக் குடுத்திருக்கேன்."

"வைரம் கூர் போகாது தோப்ரிலா. பொடிதான் உதிரும். அதுவும் எல்லாம் ஒரே நாள்ல உதிராது." பிட்டைக் கீழே வைத்தார். சென்காவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "யாரோட கல்லைக் கெடுத்தேன்?"

சென்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மிலுன்கா சித்தியோடது" என்றாள் தோப்ரிலா. "வருஷத்தைப் போட்டுட்டே."

கல் நின்ற மூலையில் துணி போர்த்தியிருந்தது. அதைப் பார்த்தார், எழுந்து போய்த் துணியைத் தூக்கவில்லை.

"அவங்க உயிரோடதானே இருக்காங்க?"

"இருக்காங்க."

"பார்த்துட்டாங்களா?"

"பார்த்துட்டாங்க."

ஓப்ரென் எழுந்தார். ஆணியிலிருந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார், விரல் தடுமாறவில்லை.

"வா. அவங்க வீட்டுக்குப் போய் மன்னிப்பு கேட்டுட்டு வரலாம். என் கையைப் பிடிச்சுக்கோ, வேகமா நட. போய்ச் சேர்றதுக்குள்ள எனக்கு மறந்துடப் போகுது."